மௌன அஞ்சலியைக் கெடுத்த ஞானாம்பாள்

ஞானாம்பாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவள் மேல் இல்லை. எங்கள் டாக்டர் நினைவுக் குழுவின் மேல், அதன் தலைவர் சக்கரபாணியின் மேல், செயலாளர் என்று பெயர் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே திரிந்த என் மேல்.

ஞானாம்பாள் மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாரியவள். இருபத்தெட்டு வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. கூடையைத் தலையில் ஏற்றி நாலு அடி வைப்பதற்குள் நெஞ்சு விசில் அடிக்கும். "இந்த இழுப்புக்காரி பாத்தியில வுழுந்து செத்தா, போலீசுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று மேஸ்திரி அவளை விரட்டிவிட்டான். மகா தயாளன்! உப்புக் காற்றுதான் காரணம் என்று ஊர் முழுக்க வைத்தியர்களாகிப் பேசியது.

டாக்டர் சகாயராஜ் மட்டும் அப்படிப் பேசவில்லை. சின்ன கிளினிக் ஒன்றை வைத்துக்கொண்டு, அலர்ஜி ஆராய்ச்சியில் காலத்தைக் கழித்த மனிதர் அவர். இவளுடைய இடது கையில் வரிசையாக இருபத்து நாலு சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்திப் பார்த்தார். தூசி, இறால், நண்டு, கரப்பான் எதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை. உப்பளக் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் வேலிகாத்தான் முள்மரத்தின் பூந்தூள் வைத்த இடம் மட்டும் எட்டணா அகலத்துக்குத் தடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கிளினிக்கிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். எந்தப் பக்கம் வேலிகாத்தான் பூத்திருக்கிறது என்று அவள் நெஞ்சுக்குத்தான் முதலில் தெரியும். அவள் சொன்ன பக்கம் டாக்டர் போய்ப் பூவை உலுக்கி எடுத்து வருவார். பதினாறு வருஷம் இப்படித்தான் அவர்கள் ஆராய்ச்சி நடந்தது. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் மெஷினை ஓட்டவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். சுனாமிக்குப் பிறகு முகாம்களில் மூச்சு வாங்கிக் கிடந்தவர்களுக்கு, அவர் மருந்து எழுத எழுத, அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தவள் இவள்தான்.

மறு வருஷம் மார்ச்சில் டாக்டர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி புதுச்சேரிக்குக் குடிபோகும்போது, ஊருக்கு உபயோகப்படட்டும் என்று சொல்லித்தான் கிளினிக் சாமான்களை எங்கள் குழுவிடம் கொடுத்தார். உபயோகம் என்ற சொல்லுக்குச் சக்கரபாணி கண்ட அர்த்தம் ஒரு கண்ணாடிப் பெட்டி. மெஷினை உள்ளே வைத்து, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஞானாம்பாள் மூன்று தடவை வந்து கேட்டாள். கடைசித் தடவை நானும் இருந்தேன்.

"சப்-சென்டர் நர்ஸம்மா வச்சிக்கிறேன்னு சொல்லிட்டாங்க சார். பூக்கற மாசம் வருது. டாக்டர்கிட்ட வந்துக்கினு இருந்த அம்சவள்ளிக்கு இப்பவே இழுக்குது. மிஷின குடுத்துடுங்க."

"அது டாக்டரோட ஞாபகார்த்தம்மா. அத ஊரெல்லாம் தூக்கிக்கினு சுத்தினா மரியாதையா இருக்குமா?"

"உள்ள பூட்டி வச்சா மட்டும் டாக்டர் எழுந்து வந்துடுவாரா?"

"ஏய், வாய அளந்து பேசு!"

நான் மினிட்ஸ் நோட்டைப் புரட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். தூ!

2006 மார்ச்சில் முதலாண்டு நினைவு நாள், படத்திறப்பு விழா. மேடைக்குப் பின்னால் 'உலக அலர்ஜி முன்னோடிகளுக்கு அஞ்சலி' என்று டிஜிட்டல் பேனர். பிரவுசிங் சென்டரில் எடுத்த நாலு வெள்ளைக்காரர்களின் படம், நடுவில் டாக்டர். அந்த நாலு பேரில் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கும் சேர்த்துத்தான் மாலை போட்டோம்.

கண்காட்சி மேஜையில், டாக்டர் டெல்லி மாநாட்டில் காட்டிய ஒரு புகைப்படம் இருந்தது. புள்ளி புள்ளியாகத் தடித்த ஒரு கை, அடியில் 'நோயாளி எண் 7'. ஞானாம்பாள் குனிந்து பார்த்து, "ஐய, இது என் கைதான்!" என்று சிரித்தாள். "தொடாத, தள்ளு தள்ளு" என்றார் சக்கரபாணி.

இனிமேல்தான் எங்கள் அறிவின் உச்சம். பூந்தூளும் புகையும் ஆகாது என்று ஆயுள் முழுக்கக் கத்திய மனிதருக்கு ஆளுயரச் சாமந்தி மாலை, கட்டுக் கட்டாக ஊதுபத்தி. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியதும் வாசலில் சரவெடி. போதாததற்குத் தட்டு நிறையச் சாம்பிராணி போட்டு மண்டபம் முழுக்க ஒரு சுற்று. அதுவும் எந்த வரிசை முன்னால்? 'பயனாளிகள்' என்று அட்டை குத்தி, ஊரில் உள்ள இழுப்புக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்த வரிசை முன்னால்! அட, எங்கள் தலையில் களிமண்கூட இல்லையே!

"இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி" என்று சக்கரபாணி மைக்கில் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றோம். அந்த நிசப்தத்தில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அம்சவள்ளி நாற்காலியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஞானாம்பாள் மேடைக்கு ஓடினாள். "சார், சாவி!"

சக்கரபாணி மூடிய கண்ணைத் திறக்காமல் உதட்டில் விரலை வைத்தார். சிறப்பு விருந்தினர் முகம் சுளித்தார். நான் செயலாளர். நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் ஒரு கணம்தான் எங்களைப் பார்த்தாள். பரிசு மேஜையில் இருந்த கேடயத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஓங்கி அடித்தாள். மெஷினை வெளியே எடுத்தாள். காற்று வரும் துளைமேல் நாங்கள் பக்தியோடு அப்பியிருந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மைக் செட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினின் பிளக்கைச் செருகினாள். தன் பையில் எப்போதும் வைத்திருக்கும் மருந்துக் குப்பியை உடைத்து ஊற்றி, முகமூடியை அம்சவள்ளியின் மூக்கில் பொருத்தினாள். மெஷின் தடதடவென்று ஓடியது.

சக்கரபாணிக்கு அப்போதுதான் கண் திறந்தது. "மௌனத்தக் கெடுத்துட்டியே! எல்லாரும் அப்படியே நில்லுங்க, முதல்லேர்ந்து ரெண்டு நிமிஷம். ஏம்மா, அந்த மிஷின நிறுத்து!"

ஞானாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்சவள்ளியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க ரெண்டு நிமிஷம் மூச்ச நிறுத்திக் காட்டுங்க சார். நான் மிஷின நிறுத்தறேன்."

முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்தார், பிறகு இன்னொருவர், பிறகு மண்டபம் முழுவதும் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். மருந்து தீரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.