வராத வண்டி

நான்கு வருடத்துக்கு முன்பு, தை மாதம், சம்பா அறுவடை நேரம். திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் எங்கள் ஊர். என் கணவர் பழைய அறுவடை மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். சேற்றிலும் இறங்கி அறுக்கிற பெல்ட் வண்டி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அந்த வண்டிக்கு இணையத்தில் ஒரு பக்கம் போட வேண்டும் என்று ஆசை. என் போன் நம்பரையே கொடுத்துப் போட்டேன்.

போட்டால் போதுமா? தேடுகிறவர் கண்ணில் பட வேண்டுமே. அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். நம் ஆட்கள் ஊர் பேரை இங்கிலீஷில் ஆளுக்கு ஒரு விதமாக அடிப்பார்கள். தஞ்சாவூரைத் தப்பாக அடித்தால் தேடுபொறி தானே திருத்தி, சரியான ஊரைக் காட்டிவிடும். அங்கே என் பாச்சா பலிக்காது. ஆனால் சின்னக் குக்கிராமத்தின் பேர் என்றால் அதற்குப் பெரும்பாலும் எது சரி, எது தப்பு என்று தெரியாது. அடித்த எழுத்து அப்படியே எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் டெல்டாவில் எனக்குக் கிடைத்த ஊர் பேரையெல்லாம், ஒவ்வொன்றையும் எத்தனை விதமாகத் தப்பாக அடிக்கலாமோ அத்தனை விதமாகவும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நிரப்பி வைத்தேன்.

"வேதாரண்யத்துக்கு நம்ம வண்டி எப்ப போச்சு?" என்று கணவர் கேட்டார். தஞ்சாவூரைத் தாண்டியே அது போனதில்லை. ஒரு போன் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று சிரித்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

வந்தது. வேதாரண்யத்துக்கு உள்ளே ஏதோ ஒரு ஊரிலிருந்து ஓர் அக்கா. கணவர் இல்லை, காலேஜ் படிக்கிற ஒரு மகள். குத்தகைக்கு எடுத்த நிலம். கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது, வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, அந்தப் பக்கம் ஒரு வண்டியும் இல்லை என்றார். வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளன்னைக்கு வந்துடும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

நாகப்பட்டினம் பக்கம் தெரிந்த ஒரு புரோக்கரைப் பிடித்து வண்டி அனுப்பச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அவர் பார்க்கலாம் என்றார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. அந்த அக்காவோ தினமும் கூப்பிட்டார். ஒரு நாள், டிரைவருக்குக் காய்ச்சல் என்றேன். மறுநாள், வண்டி கிளம்பிவிட்டது என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து போனே வரவில்லை. திட்டுவதற்காவது கூப்பிட மாட்டாரா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானாகக் கூப்பிடத் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். தஞ்சாவூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று மாறி மாறிப் போய், கடைசியில் ஒரு ஆட்டோவில், அவர் போனில் சொன்ன ஊர் பேரை விசாரித்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான் யார் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பயிர் முழுவதும் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. குனிந்து ஒரு கதிரை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. மழைக்கு முந்தின நாள் பக்கத்து வயலுக்கு ஒரு வண்டி வந்ததாம். இதையும் அறுத்துவிடட்டுமா என்று டிரைவர் கேட்டாராம். வேறு ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது, அவர்கள் வண்டி வழியில் வந்துகொண்டிருக்கிறது, பாவம் ஏமாந்து போவார்கள் என்று இவர் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

முகம் தெரியாத என்னை எப்படி அவ்வளவு நம்பினீர்கள் என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினார். அவள்தான் ஊர் பேரை அடித்துப் போனில் வண்டி தேடியிருக்கிறாள்.

"எங்க ஊரு பேர யாரும் எங்கயும் எழுத மாட்டாங்கம்மா. ஒங்க பக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு. அப்ப நம்மளத் தெரிஞ்சவங்க யாரோதான்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அன்று காலை வரை எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார் அவர். சாப்பிடாமல் வந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸிலேயே அந்த இணையப் பக்கத்தை அழித்தேன். அழித்து என்ன, அந்த வயல் அப்படியேதான் கிடந்தது.

அப்போது குறித்து வைத்த என் நம்பருக்கு இப்போதும் யாராவது கூப்பிட்டு, வண்டி வருமா என்று கேட்பதுண்டு. தூரத்து ஊராக இருந்தால், வராது என்று உடனே சொல்லிவிடுகிறேன். அந்த அக்காவிடம் முதல் நாளே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அவர் நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும்.