ஜெர்சிக்குப் போட்ட கையெழுத்து

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்புக்கு நான்தான் செயலாளர். மைதானம் ஒரு உப்பள முதலாளியுடையது. விளையாடிக்கொள்ளுங்கள் என்று வாய்வார்த்தையாக விட்டிருந்தார்.

அவர் இறந்த பிறகு அவருடைய மகன் புது ஜெர்சிகளோடு வந்தார். "வாங்கிக்கிட்டதுக்கு எல்லாரும் ஒரு கையெழுத்து போட்டுடுங்கண்ணே" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினார். சந்தோஷத்தில் படிக்காமலே போட்டேன். பையன்களையும் போட வைத்தேன்.

அடுத்த மாதமே மனை போட ஜேசிபி வந்தது. எங்கள் கோல்கீப்பர் செல்வம் அந்தப் புது ஜெர்சியோடு குறுக்கே போய் நின்றான். முதலாளியின் மகன் போலீஸை வரவழைத்து, நாங்கள் கையெழுத்து போட்ட தாளைக் காட்டினார். இடத்தில் எங்களுக்கு உரிமையில்லை, கேட்டதும் காலி செய்கிறோம் என்று அதில் இருந்தது.

"எங்கள வித்துட்டியேண்ணே" என்றான் செல்வம்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

இப்போதெல்லாம் கூரியர்காரர் தாளை நீட்டினால்கூட என் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பையன்கள் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். "நீ கெளம்புண்ணே. இங்கயும் எதுனா கையெழுத்து போட்டுடப் போற" என்றான் செல்வம். எல்லோரும் சிரித்தார்கள்.