கலமாய் கிளறும்போது பெண் கேட்டவர்

ஹக்னா ஊரில் குலாசாவைப் போல் கலமாய் இனிப்பு கிளற இன்னொருத்தி கிடையாது. பசையரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் நாட்டுச் சர்க்கரையையும் பெரிய இரும்புச் சட்டியில் கொட்டித் துடுப்பைப் பிடித்தாளென்றால், அது இறுகும்வரை வீடே பற்றி எரிந்தாலும் நகரமாட்டாள். மற்ற நேரத்தில் ஆளைப் பிடிக்க முடியாது.

படகுக்கார எஸ்தோய்க்கு இது நன்றாகத் தெரியும். அவளும் துணையை இழந்தவள், அவரும் இழந்தவர். ஆனால் கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "பன்னிக்குத் தண்ணி வைக்கணும்" என்று நழுவிவிடுவாள். அதனால்தான் இன்று, அவள் துடுப்பும் கையுமாக வசமாகச் சிக்கியிருக்கும்போது, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இண்டாய், ஒரு விஷயம்..." என்று செல்லமாகக் கூப்பிட்டார்.

"மொதல்ல விறகத் தள்ளு."

தள்ளினார். "நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பால் பத்தாது. அந்தத் தேங்காயத் துருவு."

துருவினார், பிழிந்தார். புதுச் சட்டை பாலில் குளித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சிமாங், "என்ன அண்ணே, பொண்ணு கேக்க வந்தீங்களா, கூலிக்கு வந்தீங்களா?" என்று சிரித்தாள்.

எஸ்தோய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னைக் கட்டிக்கிறியா, மாட்டியா?" என்று கத்தியேவிட்டார்.

குலாசா துடுப்பை அவர் கையில் திணித்தாள். "தோள் வலிக்குது. கிளறு. அடி பிடிச்சுது, தொலைச்சுடுவேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "இப்ப நான் சொல்றேன், நீ கேளு."

இப்போது சிக்கியவர் அவர்.

"கள்ளு ஞாயித்துக்கெழம மட்டும்."

"சரி."

"உன் அக்கா வந்தா ரெண்டு நாளுக்கு மேல தங்கக் கூடாது."

"நானே வெரட்டுறேன்."

"அந்தச் சண்டச்சேவல வித்துடணும்."

எஸ்தோயின் கை நின்றது. தான் சாப்பிடுமுன் அந்தச் சேவலுக்கு மக்காச்சோளம் போடுகிற மனிதர் அவர்.

"கைய நிறுத்தாத!"

"அது பாவம், குலாசா."

"கிளறுய்யா, கருகுது!"

சட்டியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. திருவிழாவுக்குச் சொல்லி வைத்தவர்களின் கலமாய் முழுவதும் அதில்தான் இருந்தது. குலாசா துடுப்பைப் பிடுங்கப் பார்த்தாள், அவர் விடவுமில்லை, கிளறவுமில்லை.

"சரி, இருந்து தொலையட்டும் சேவல்! வீட்டுக்குள்ள மட்டும் வரக் கூடாது!"

"மழ பெஞ்சா?"

"அடப்பாவி மனுஷா! மழ பெஞ்சா வரட்டும், கிளறு!"

எஸ்தோய் புயலில் படகு தள்ளுகிறவரைப் போலக் கிளறினார். அடி கொஞ்சம் பிடித்துத்தான் போயிற்று.

"அப்ப எப்போ கல்யாணம்?" என்று வேலிக்கு மேல் தலையை நீட்டினாள் சிமாங்.

"மொதல்ல இது இறுகட்டும்டி" என்றாள் குலாசா.