மோட்டார் இருக்கும் பக்கம்

வெள்ளகோவிலை ஒட்டி இருக்கும் கிருபாசங்கரின் அலமாரிப் பட்டறையில் ஆறு வருடமாக மாசாணத்துக்கு ஒரே இடம்தான். அறுக்கும் மெஷினுக்குப் பின்னால். முன்னால் நின்று பிரவின்குமார் பலகையைத் தள்ளுவான். ரம்பத்தைத் தாண்டி வரும் துண்டுகளை இவள் வாங்கி அடுக்க வேண்டும்.

அந்த மெஷினின் மோட்டார் உள்ளே கிடையாது. பின்பக்கம் வெளியே தொங்கும். அதிலிருந்து ஒரு பெல்ட் உள்ளே போய் ரம்பத்தைச் சுழற்றும். பெல்ட் ஓடுவதற்காக மெஷினின் முதுகு முழுக்கத் திறந்தே கிடக்கும். அறுபடும் தூளில் பாதி அந்த வழியாக வெளியே பாய்ந்து மாசாணத்தின் மேல்தான் விழும்.

ஆனைமலையில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் அவள். கயிறு மில், நூல் மில், செங்கல் சூளை எல்லாம் பார்த்தவள். எந்த வேலைக்கும் முகம் சுளித்ததில்லை. இந்த வருடம் தை மாதம் தொடங்கிய இருமல்தான் அவளை விடவே இல்லை.

பங்குனியில் ஆளுயரப் பை வைத்த தூசி இழுக்கும் மெஷின் ஒன்று பட்டறைக்கு வந்தது. கோயமுத்தூரில் அடுக்குமாடி கட்டும் கம்பெனி, ஆர்டர் கொடுக்குமுன் பட்டறையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. அதற்காக வாங்கியது. அதன் ஓஸ் குழாயை ரம்பத்துக்கு அடியில் மாட்டினார்கள். சத்தம் வந்தது. தூசி குறையவில்லை.

"மொதலாளிங்க, அது வந்தும் தூசி அப்படியேதானுங்க இருக்குது. நெஞ்சடைக்குதுங்க."

கிருபாசங்கர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இத்தாப்பெரிய மெஷின் வெச்சும் தூசிங்கறயா? உங்கூட்ல வெறகடுப்புதான? அந்தப் பொகைதான் உனக்கு இருமலு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாசாணத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"எங்கூட்டு வாசப்படிய மிதிச்சிருக்கீங்களாங்க? கேஸடுப்பு வந்து ஒம்பது வருசமாச்சுங்க."

சிரிப்பு நின்றது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து மானசா என்ற பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கிருபாசங்கர் அவளிடம் ஓஸ் குழாயைத் தொட்டுக் காட்டி, "ஒரு பொட்டுத் தூசி வெளிய வராதுங்க," என்றார்.

மாசாணத்தால் அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை. பாலிஷ் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அம்மணி, இதைக் கொஞ்சம் பாருங்க. பிரவினு, ரம்பம் வேண்டாம், தூசி மெஷினை மட்டும் போடுங்க."

மேசையில் ரம்பம் எட்டிப் பார்க்கும் சந்துக்கு மேலே நூலைப் பிடித்தாள். அது அசையாமல் தொங்கியது. பிறகு ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, மெஷினின் திறந்த முதுகில் வைத்துப் பிடிக்கும்படி பிரவின்குமாரிடம் சொன்னாள். அவன் பிடித்ததும் நூல் வெடுக்கென்று சந்துக்குள் இழுபட்டது.

"பின்னாடி இத்தனை அகலமாத் தொறந்து கெடந்தா, அது வெறுங்காத்தைத்தானுங்க இழுக்கும்? தூளு பூரா எம்மேலதானுங்க வருது."

"ரம்பத்தைச் சாய்ச்சு அறுக்கறப்ப மோட்டாரும் கூடவே நகரும், மூடி போட்டா இடிக்குங்கக்கா," என்றான் பிரவின்குமார்.

"மாசத்துக்கு எத்தனை நாளுங்க சாய்ச்சு அறுக்கறீங்க?"

"ரண்டு, மூணு நாளுங்க."

"அன்னைக்குக் கழட்டி வைங்க. மத்த நாளைக்கு மூடுங்க. மோட்டாருதான் வெளிய இருக்குதே, அதுக்கென்ன புழுங்கவா போகுது?"

மானசா கிருபாசங்கரைப் பார்த்தாள். மூடி போட்ட பிறகு மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கார் மறைந்ததும் அவர் கத்தினார். "வெளியாளு முன்னாடி எம்மானத்தை வாங்கிப்போட்டயே!"

"உங்களுக்கு ஒருநாள் மானம் போச்சுங்க. எனக்கு ஆறு வருசமா மூச்சே போகுதுங்க."

வேலையை விட்டு நிறுத்துவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஆர்டர் வேண்டுமே. மறுநாளே பெல்ட்டுக்கும் மோட்டார் தாங்கிக்கும் இடம் விட்டு வெட்டிய பிளைவுட் மூடி ஒன்றை, காந்தம் வைத்து மெஷினின் முதுகில் ஒட்டினார்கள். ரம்பத்துக்கு மேலே கொஞ்சம் தூசி பறந்தாலும், பின்னால் பாய்வது பெரும்பாலும் நின்றது. பை நிறையத் தொடங்கியது.

இருமல் மட்டும் போகவில்லை. காங்கயம் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூச்சோடு உறிஞ்சும் மருந்து கொடுத்து, தூசிப் பக்கமே போகக் கூடாது என்றார். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் மாசாணம் முதலாளியின் மேசையில் வைத்தாள்.

"ஆராவது பின்னாடி நின்னுதான ஆகோணும்?" என்றார் அவர்.

"நிக்கட்டுங்க. வாரத்துக்கு ஒருத்தரா முகமூடி போட்டுட்டு நிக்கட்டுங்க. நானே நிக்கோணும்னு எழுதியா வெச்சிருக்குது?"

இப்போது அவள் கதவுகளுக்குக் கீல் பூட்டும் மேசையில் இருக்கிறாள். ஆர்டரும் கிடைத்துவிட்டது. போன வாரம் கம்பெனி இணையத்தில் போட்ட படத்தைப் பிரவின்குமார் போனில் காட்டினான். கிருபாசங்கர் மூடியில் கை வைத்துச் சிரிக்கிறார். கீழே, தொழிலாளர் நலனுக்காக அவரே யோசித்துச் செய்தது என்று போட்டிருந்தது.

மாசாணம் இரண்டு முறை படித்தாள். பிறகு போனை வாங்கிக்கொண்டு நேராக அவருடைய அறைக்குள் போனாள்.

"ஏனுங்க, இதை மாத்தச் சொல்லுங்க. மாத்தற வரைக்கும் இங்கதானுங்க நிப்பேன்."