குலவைக்கு மட்டும் அழைத்தார்கள்

காலை ஆறரைக்குக் கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறினோம். திருப்பனந்தாள் சுமார் பதினேழு கிலோமீட்டர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு சிற்றூர். நடவுக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வருவதையும், உள்ளூர்ப் பெண்கள் வேலை இழப்பதையும் பற்றி என் அண்ணன் மகள் கயல் ஆவணப்படம் எடுக்கிறாள். கேமரா ஸ்டாண்டைச் சுமக்க நான்.

சேறடித்த வயலில் நாற்று முடிகள் விசிறிக் கிடந்தன. வரப்பில் வங்காளத்து ஆண்கள் பன்னிரண்டு பேர். கூடவே அவர்களுக்குச் சமைக்கும் மாலதி, அவர்களில் ஒருவரான மேஸ்திரியின் மனைவி.

உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஈசானிய மூலையில் முதல் முடியைப் பிரித்து நட்டுக் குலவையிட்ட பிறகே இங்கே நடவு தொடங்கும். வெளியாட்கள் வந்த பின்பும் அது மாறவில்லை. அதற்காக நிலக்காரர் கோவிந்தராசு, செல்வியை அழைத்திருந்தார். ஊர்ப் பெண்களின் நடவுக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி; கூட்டமும் அவர் பின்னால் வந்திருந்தது. போன வருடம் குலவை முடிந்ததும் வெற்றிலை பாக்கு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

இம்முறை செல்வி வயலில் கால் வைக்கவில்லை.

"குலவைக்கு நாங்க, கூலிக்கு அவங்களாண்ணே? பத்து மாவுல மூணு மாவ எங்களுக்கு விடுங்க." மூன்று மா என்றால் ஒரு ஏக்கர்.

"தண்ணி முறை நாளையோட முடியுது செல்வி. நீங்க நாள இழுப்பீங்க."

"பொம்பளைக்கு பஸ்ஸு ஓசிதான். ஏறிப் போறதுக்கு வேலைதான் இல்ல."

கோவிந்தராசு மாலதி பக்கம் திரும்பினார். அவர்கள் ஊரிலும் பெண்கள் குலவையிடுவார்கள். "நீ போடும்மா" என்று நாக்கைச் சுழற்றிக் காட்டினார்.

"இப்ப வெடிக்கும் சித்தப்பா" என்று கிசுகிசுத்தாள் கயல்.

மாலதி செல்வியைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது அக்கா ஊர். அக்கா போடணும்" என்றார் மேஸ்திரி, தெரிந்த தமிழில்.

கோவிந்தராசு துண்டை உதறினார். "சரி, கடைசி மூணு மா. இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்."

செல்வி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். இரண்டாம் குலவையில் மாலதியின் குரலும் சேர்ந்தது.

"இவளும் நம்மள மாதிரியே கத்துறாடி!" என்றாள் ஒருத்தி.

மாலையில் வங்காளத்து ஆட்கள் தங்கள் பங்கை முடித்துக் கைகால் கழுவிவிட்டு வரப்பில் அமர்ந்தார்கள். செல்வியின் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மா மிச்சம். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"நீங்களும் எறங்குனா சீக்கிரம் முடியுமே?" என்று கேட்டாள் கயல்.

மேஸ்திரி மறுத்துத் தலையசைத்தார். "நாங்க எறங்கினா அக்கா கூலி போச்சு."

ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன். பன்னிரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருவில் பார்த்திருந்தால் சோம்பேறிகள் என்றிருப்பேன்.