பஸ் புகையில் முளைத்த மீசை

கள்ளக்குறிச்சியில் நான் பஞ்சர் கடை வைத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பழைய கல் மண்டபம் இருந்தது. கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்களை அதன் முன்தூணுக்கு முதுகைக் காட்டித்தான் நிறுத்துவார்கள். கிளம்புமுன் இஞ்சினை நன்றாக உறுமவிடுவார்கள். புகை முழுக்கத் தூணில் செதுக்கியிருந்த சாமிக்கு.

சாமி கன்னங்கரேலென்று இருப்பார். மூக்குக்கடியில் தடியாக ஒரு மீசை. மீசை இருந்தால் முனீஸ்வரன்தானே? மலையேறும் டிரைவர்கள் எலுமிச்சை மாலை சாத்தி, ஒரு சுருட்டும் கொளுத்தி வைப்பார்கள். மாலை விற்றது எங்கள் பூக்கார அக்கா. அவள் வீட்டில் அடுப்பெரிந்ததே அந்த மீசையால்தான். தன் சாமி மீசையை முறுக்கினால் மலையே ஒதுங்கி வழிவிடும் என்பாள். அந்தப் பேச்சுக்காகவே நானும் மாலை வாங்கியிருக்கிறேன். என்னிடம் இருந்ததோ சைக்கிள்.

ஒருநாள் மண்டபத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். புகை படிந்து கல் பொருக்குப் பொருக்காக உரிகிறது, விட்டால் முகமே மிஞ்சாது என்றார்கள். அக்கா குறுக்கே வந்து நின்றாள். முனீஸ்வரனுக்குக் குளிப்பது பிடிக்காது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் கேட்கவில்லை. ஈரத்துணி போர்த்தி ஊறவைத்து மெல்லத் துடைத்தார்கள்.

காதில் தோடு வந்தது. கழுத்துக்குக் கீழே துணி இறங்கியதும் டிரைவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் மீசை கறுப்புத் தண்ணீராக ஒழுகிப்போனது. மழை எட்டாத இடமென்பதால் அங்கே மட்டும் கரி தடித்துக் கிடந்ததாம். மூக்கு நுனி உரிந்து, கையில் விளக்கோடு நின்றாள் ஒரு பெண்.

"யக்கா, இத்தினி நாளா பொம்பளைக்கா சுருட்டு பத்த வச்சேன்?" என்றார் ஒரு டிரைவர்.

அக்கா எலுமிச்சைக் கூடையைப் பார்த்தாள். விளக்குக்காரியைப் பார்த்தாள்.

"சுருட்டு கெடக்குது வுடு. ஆத்தா மூஞ்சிலயே டீசலை ஊதிக்கினு இருந்தியே, அதுக்கு இன்னா சொல்லப்போற? மொதல்ல வண்டிய திருப்பி நிறுத்து. அப்பால வந்து மல்லிப்பூ வாங்கி சாத்தி, மன்னிப்பு கேளு."

அன்று பஸ்களெல்லாம் திரும்பி நின்றன. அக்காவிடம் மல்லி தீர்ந்துபோனது.

கொஞ்ச நாளில் டிரைவர்கள் பழையபடி முதுகைக் காட்ட ஆரம்பித்தார்கள். விளக்குக்காரியின் மூக்குக்கடியில் பூனைமுடி மாதிரி லேசாகக் கறுப்பு. அக்காவிடம் காட்டினேன். அவள் டிரைவர்களைத் திட்டிக்கொண்டே மல்லியை ஒதுக்கினாள். கூடைக்கடியில் எலுமிச்சை மாலை ஒன்று கட்டித் தயாராக இருந்தது.

"எதுக்கும் இருக்கட்டும் தம்பி," என்றாள்.