சாமான் இறக்கும் வாசலில் ஒரு முகூர்த்தம்

என் மகளின் கல்யாணத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கலாம். அவளும் அதைத்தான் கேட்டாள். "கோயில் ஹால் போதும்ப்பா" என்று மூன்று முறை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. குளுவாங்கில் என் பங்காளி ஒருவர் தன் மகளுக்கு ஹோட்டலில் கல்யாணம் செய்திருந்தார். அதைவிடப் பெரிதாக ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

ஜொகூர் பாருவில் அப்போதுதான் அந்தப் புது அரங்கம் திறந்திருந்தது. பழைய மார்க்கெட்டையும் சுற்றியிருந்த கடைவீடுகளையும் இடித்துவிட்டு, நகரத்துக்குப் புத்துயிர் கொடுக்கிறோம் என்று கட்டினார்கள். கூடைப்பந்து, கச்சேரி, கண்காட்சி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஆகுமாம். எல்லாவற்றுக்கும் ஆகிறவன் எதற்கும் உருப்படியாக ஆகமாட்டான் என்பதை என்னை வைத்தே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பட்டாசு, புகை இயந்திரம், நெருப்பு ஏதாவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி. யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐயர் ஹோமம் வளர்ப்பார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சத்தியமாக, அது நெருப்பு என்று தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற ஹோமத்தை யார் போய் நெருப்புக் கணக்கில் சேர்ப்பார்கள்?

கல்யாணத்தன்று காலை, இரண்டாம் மாடியிலிருந்த அந்த அரங்குக்குள் நுழைந்ததும் குனிந்து செருப்பைத்தான் பார்த்தேன். முந்தின நாள் ஏதோ கச்சேரி. தரையில் கொட்டிய சர்க்கரைத் தண்ணீர் ஒவ்வோர் அடிக்கும் செருப்பைப் பிடித்து இழுத்தது. புதுக் கம்பளத்தின் பசை வாடையும் ஊசிப்போன எண்ணெய் வாடையும் ஏ.சி. குளிரில் கலந்து கிடந்தன. மணவறைக்கு நேர் மேலே மடக்கி வைத்த கூடைப்பந்து வளையம். பெரிய திரையில் என் முகம், மூக்குத் துவாரத்து மயிர் வரைக்கும் தெளிவாக. அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அரங்கத்தைக் குறை சொல்ல முடியாது.

ஐயர் செங்கல் அடுக்கிக் கற்பூரத்தை எடுத்ததும் நிர்வாகத்துப் பெண் ஓடி வந்தாள். தமிழ்ப் பிள்ளைதான்.

"அங்கிள், நெருப்பு முடியாது லா! புகை பட்டா அலாரம் அடிச்சு மேலேருந்து தண்ணி கொட்டும். நீங்கதானே 'இல்ல'ன்னு சைன் போட்டீங்க?"

"இது நெருப்பு இல்லம்மா, ஹோமம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரக்கப்பட்டு, "எல்.இ.டி. தீபம் ஒண்ணு இருக்கு, அங்கிள். உண்மை மாதிரியே ஆடும். எடுத்துட்டு வரவா?" என்றாள்.

ஐயர் நெய்க் கரண்டியோடு நிமிர்ந்தார். "நெய்ய எங்கம்மா ஊத்தறது? பேட்டரி போடுற ஓட்டையிலயா?"

முகூர்த்தம் முடிய அரை மணி நேரம்தான் இருந்தது. அக்கினி இல்லாமல் தாலியை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்றார் ஐயர். சம்பந்தி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மகள் தலை நிமிரவே இல்லை. நான் கெஞ்சிய கெஞ்சலில் அந்தப் பெண் காவலாளியிடம் பேசி, கட்டடத்தின் பின்னால் சாமான் இறக்கும் இடத்தில் அனுமதி வாங்கித் தந்தாள்.

"அங்க கூரை இல்ல அங்கிள், பிரச்சினை வராது. ஆனா கொஞ்சம் நாறும்."

கொஞ்சமா? மணமக்கள், ஐயர், இரண்டு வீட்டுப் பெற்றோர், நாதஸ்வரம், தவில் எல்லாம் சாமான் லிப்டில் நெருக்கியடித்து இறங்கினோம். கதவு திறந்தால் வரிசையாகக் குப்பைத் தொட்டிகள். கச்சேரிக் கூட்டம் தின்று போட்ட கோழி எலும்புகள் மேல் ஈ மொய்த்தது. தொட்டிகளுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து எங்கள் கால் வரைக்கும் வந்திருந்தது. முன்வாசலில் கண்ணாடியும் நீரூற்றும், பின்வாசலில் இது. மீன் நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லித்தான் மார்க்கெட்டை இடித்தார்கள். அந்த நாற்றத்துக்காவது மீன் கிடைத்தது.

அங்கேதான் ஹோமம் எரிந்தது. அங்கேதான் மாப்பிள்ளை தாலி கட்டினார். நாதஸ்வரக்காரர் பாவம், அவர் மூச்சை நன்றாக இழுத்துத்தானே ஊத வேண்டும்.

கட்டி முடித்ததும் அந்தப் பெண் வந்தாள். "அங்கிள், மேல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. மேடையில இன்னொரு தடவ கட்டிக்கலாமா? கேமராவுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். எழுதவே கூசுகிறது: சரி என்று சொல்லத்தான் திறந்தேன்.

மகள் முந்திக்கொண்டாள். "தாலி கட்டியாச்சு. ஆசீர்வாதம் பண்றவங்க இங்க வரட்டும். நீங்க போய்க் கூப்பிடுங்கப்பா."

அவ்வளவு பெரிய மேடையில் மைக்கைப் பிடித்து நான் பேசியது ஒரே வாக்கியம். "கல்யாணம் முடிஞ்சிருச்சு, எல்லாரும் கீழ குப்பத்தொட்டிகிட்ட வாங்க." வழக்கமான என் தமாஷ் என்று நினைத்து லாபிஸ் ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் கைதட்டினார்கள். என் அக்கா மட்டும் எழுந்தார்.

"டேய், நெசமாவாடா?"

"நெசமாத்தான்க்கா."

"அலமாக்! ஒனக்கெல்லாம் ஒரு பொண்ணு!"

பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அக்கா முன்னால் நடக்க, மற்றவர்களும் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அட்சதையோடு இறங்கி வந்தார்கள். மகள் ஒவ்வொருவரையும் கும்பிட்டாள். சிரிக்கவும் செய்தாள், என் பக்கம் மட்டும் பார்க்காமல். அவளுக்குப் பின்னால் இருந்த தொட்டியின் மூடி சரியாக மூடவில்லை. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் அட்சதை போடும் வரைக்கும் நின்றேன். மூக்கைப் பொத்த எனக்குக் கை மிச்சமில்லை.